மந்திரி கூட ஆகாத ஆப்ரி ஹெர்பர்ட்டுக்கு அல்பேனியாவுல ஏன் இவ்வளவு மரியாதை?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா முதல் உலகப் போர்ல துருக்கியில நடந்த கலிப்போலி சண்டையைப் பத்தி படிச்சுக்கிட்டு இருக்கேன். 1915 மே 24 அன்னைக்கு ரெண்டு பக்கமும் துப்பாக்கிய கீழ வச்சுட்டு செத்தவங்கள புதைச்சாங்கல்ல, அந்தக் கதையில ஆப்ரி ஹெர்பர்ட்னு ஒரு கேப்டன் வர்றார். துருக்கி பாஷை சரளமா பேசுவாராம், கண்ணு பாதிக்கு மேல தெரியாதாம், அந்த நேரத்துலயே பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல எம்பியாவும் இருந்திருக்கார். அதோட விட்டிருந்தா அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன், ஆனா கீழ சின்ன குறிப்புல இவருக்கு அல்பேனியா நாட்டோட ராஜா பதவி ரெண்டு தடவை வந்துச்சுன்னு போட்டிருந்தாங்க, அதுக்கப்புறம் வேற எதுவும் படிக்க முடியல.

தேடிப் பாத்தா எந்த மந்திரிசபையிலயும் இவர் பேர் இல்ல. 1880ல பொறந்து 1923ல 43 வயசுலயே இறந்துட்டார். கேக்க வேண்டியது நிறைய இருக்கு: பிரபு வீட்டுப் பிள்ளைன்னா லார்ட்ஸ் சபையிலதானே உக்காரணும், இவர் எப்படி எலக்‌ஷன்ல நின்னு காமன்ஸ் சபைக்குப் போனார், கண்ணு தெரியாதவர எப்படி ராணுவத்துல சேத்தாங்க, அந்த ராஜா பதவி விஷயம் நெஜமா இல்ல பெருமைக்கு சொல்லிக்கிட்டதா, எல்லாத்துக்கும் மேல இந்த மனுஷன் அரசியல்வாதியா எதையாவது சாதிச்சாரா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க, நான் பொறுமையா படிப்பேன்.

பழையகப்பல்:

முதல் கேள்விக்கு நான் சொல்றேன், ஏன்னா இது நிறைய பேருக்கு குழப்பமா இருக்கும். பிரிட்டன்ல பிரபு பட்டம்ங்கிறது குடும்பத்துக்கே வர்றது இல்ல, ஒரு சமயத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான். அப்பா ஏர்ல்னா அவர் மட்டும்தான் லார்ட்ஸ் சபை உறுப்பினர், அவருக்குப் பின்னாடி மூத்த பையன். மத்த பசங்க எல்லாம் சட்டப்படி சாதாரண குடிமகன்தான், பேருக்கு முன்னாடி ஹானரபிள்னு ஒரு மரியாதை வார்த்தை போட்டுக்கலாம், அவ்வளவுதான். அதனால ஓட்டு போடலாம், எலக்‌ஷன்ல நிக்கலாம், காமன்ஸ்ல உக்காரலாம்.

ஆப்ரியோட அப்பா நாலாவது கார்னார்வன் ஏர்ல், ஹைகிளேர் கோட்டைக்காரர். முதல் மனைவிக்குப் பொறந்தவர்தான் அடுத்த ஏர்ல் ஆனார், 1922ல எகிப்து ராஜா டூட்டங்காமன் கல்லறைய ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடிச்சாருல்ல, அதுக்குப் பணம் போட்ட அதே கார்னார்வன் பிரபு. ஆப்ரி ரெண்டாவது மனைவியோட மூத்த பையன். இதுல ஒரு விஷயம் யாரும் கவனிக்கறதில்ல. அப்பா 1890ல போனதுக்கு அப்புறம் 1898ல அண்ணனுக்குப் பையன் பொறக்கற வரைக்கும் அடுத்த வாரிசு இந்த ஆப்ரிதான். அந்தக் குழந்தை பொறக்காம இருந்து அண்ணனும் தவறியிருந்தா இவர் ஏர்ல் ஆகியிருப்பார், காமன்ஸ் கதவு அன்னைக்கே மூடியிருக்கும். பட்டத்தை வேண்டாம்னு எழுதிக் குடுக்கற வசதியெல்லாம் 1963 சட்டத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு, அதுவும் அப்பாவோட பட்டம் வந்து எம்பி பதவிய இழந்த டோனி பென் பல வருஷம் போராடினதால.

இவர் ஜெயிச்ச சீட்டு காலியானதும் இதே கதைதான். தெற்கு சாமர்செட்ல 1892லேந்து லிபரல் கட்சி எம்பியா இருந்த ஸ்ட்ரேச்சிக்கு 1911ல பிரபு பட்டம் குடுத்து லார்ட்ஸுக்கு மேல தூக்கிட்டாங்க, அந்த இடைத்தேர்தல்ல கன்சர்வேட்டிவ் சார்பா நின்னு கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஆப்ரி ஜெயிச்சார். அதுலேந்து சாகற வரைக்கும் எம்பி, 1918ல தொகுதிய மாத்தி வரைஞ்ச பிறகு யோவில். எம்பிக்கு சம்பளம்னு வருஷம் 400 பவுண்டு குடுக்க ஆரம்பிச்சதும் அதே 1911தான், ஆனா இவருக்கு அது ஒரு பொருட்டே இல்ல, அம்மா வழியா சாமர்செட்ல டல்வர்ட்டன் பக்கத்துல பிக்ஸ்டன் எஸ்டேட், இத்தாலியில போர்ட்டோஃபினோவுல கடலைப் பாத்த மாதிரி ஒரு பங்களா எல்லாம் இருந்துச்சு.

பட்டம் இல்ல ஆனா சொத்து இருக்கு, பதவி இல்ல ஆனா எந்தப் பெரிய வீட்டுக்குள்ளயும் நேரா நடந்து போகலாம். என்னைக் கேட்டா இவர் வாழ்க்கை பூரா இந்த இடைவெளிக்குள்ளதான் நடந்துச்சு.

தூரதேசம்:

நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க நிலாமுற்றம். ராணுவ விஷயம் நான் சொல்றேன்.

கண்ணு சின்ன வயசுலேந்தே மோசம், ஜெர்மனியில ஆபரேஷன் பண்ணி கொஞ்சம் பார்வை கிடைச்சுது. ஈட்டன், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டுல பேலியல் காலேஜ், வரலாறுல முதல் வகுப்பு. அந்தப் பார்வையோட ராத்திரியில காலேஜ் கூரைகள் மேல ஏறி நடக்கறதுல பேர் போனவர். படிப்பு முடிஞ்சு தூதரகத்துல சம்பளம் இல்லாத வேலை, முதல்ல டோக்கியோ, அப்புறம் இஸ்தான்புல். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் போக துருக்கி, அரபி, கிரேக்கம், அல்பேனியன்னு பாஷையா சேத்துக்கிட்டே போனார். எழுத்தைப் படிக்க கஷ்டப்படற ஒருத்தர் இத்தனை பாஷைய காதால பிடிச்சாருங்கறத நெனச்சாலே எனக்கு பிரமிப்பா இருக்கு.

1914 ஆகஸ்டுல யுத்தம் வந்துச்சு. மெடிக்கல்ல எப்படியும் தள்ளிடுவாங்கன்னு அவருக்கே தெரியும். அதனால சீருடைய சொந்தமா தைச்சுக்கிட்டு, ஐரிஷ் கார்ட்ஸ் படை லண்டன் வெலிங்டன் பேரக்ஸ்லேந்து அணிவகுத்து கெளம்பற நேரம் பாத்து வரிசையில போய் சேந்துட்டார், அந்தப் படையில தெரிஞ்சவங்க இருந்ததால கண்டும் காணாம விட்டாங்க. பிரான்ஸ் போயி சேந்தாச்சு. மோன்ஸ்லேந்து பின்வாங்கறப்ப செப்டம்பர் 1ஆம் தேதி வில்லே கொத்ரே காட்டுக்குள்ள நடந்த சண்டையில குண்டடி பட்டு ஜெர்மன்காரங்க கையில மாட்டினார், அவரோட கமாண்டர் மாரிஸ் அந்த இடத்துலயே போயிட்டார். கொஞ்ச நாள்ல ஜெர்மன் படை மார்ன் சண்டைக்கு அப்புறம் பின்னால போறப்ப காயம் பட்டவங்கள ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போனாங்க, அப்படித்தான் வீடு திரும்பினார். எம்பியா இருந்துக்கிட்டே சண்டைக்குப் போனவங்க இருநூறு பேருக்கும் மேல, அதுல இவர் ஒருத்தர், ஆனா இப்படி போனவர் வேற யாராவது இருக்காங்களான்னு சந்தேகம்தான்.

அப்புறம் கெய்ரோவுல உளவுப் பிரிவு, அங்க 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ன்னு பேர் வாங்கின டி.இ.லாரன்ஸ் கூட ஒரே ஆபீஸ். அங்கேந்து கலிப்போலி.

நீங்க படிச்ச அந்த மே 24 பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். மே 19 அன்னைக்கு துருக்கிப் படை அன்சாக் பகுதி மேல, அதாவது ஆஸ்திரேலிய நியூசிலாந்து படை இருந்த இடத்து மேல, ஒரே நாள்ல பெரிய தாக்குதல் நடத்துனாங்க, சுமார் 10,000 பேருக்கு அடி, அதுல 3,000 பேர் வரைக்கும் சாவு. ரெண்டு பதுங்குகுழி வரிசைக்கும் நடுவுல சில இடத்துல சில கஜ தூரம்தான், அந்த இடைவெளியில வெயில்ல நாலஞ்சு நாளா கெடக்குது அத்தனை உடம்பும். நாத்தம் தாங்க முடியாம ரெண்டு பக்கமும் தவிச்சாங்க. அப்பதான் தற்காலிக நிறுத்தம் பத்தி பேச்சு. துருக்கி அதிகாரி ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கிட்டு பிரிட்டிஷ் பக்கம் வந்து ஜெனரல் பேர்ட்வுட்கிட்ட பேசினார், அவர் திரும்பிப் போற வரைக்கும் பிணையா துருக்கி பக்கம் போய் உக்காந்தவர் ஹெர்பர்ட், அவருக்கும் கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போனாங்க.

நிறுத்தம் காலையில 7:30லேந்து சாயங்காலம் 4:30 வரைக்கும். அன்னைக்கு முழுக்க ரெண்டு வரிசைக்கும் நடுவுலயே நின்னவர் இவர்தான். மூக்குல வச்சுக்க மருந்து தடவின பஞ்சு குடுத்தது துருக்கிக்காரங்க. கூட நின்ன ஒரு துருக்கி கேப்டன், இந்தக் காட்சியப் பாத்தா சாதுவானவனுக்கும் ஆவேசம் வரும், கொடூரமானவனுக்கும் அழுகை வரும்னு சொன்னதா டைரியில எழுதி வச்சிருக்கார். சாயங்காலம் நேரம் நெருங்குது, அப்ப பாத்தா ரெண்டு பக்கத்துக் கடிகாரமும் எட்டு நிமிஷம் வித்தியாசம். அந்த எட்டு நிமிஷத்துல ஒருத்தன் தப்பா ஒரு குண்டு விட்டா வெள்ளைக்கொடி பிடிச்ச அத்தனை பேரும் காலி. ஓடி ஓடி நேரத்த சரி பண்ணினார். துருக்கி சிப்பாய்ங்க இவரையே தங்களோட அதிகாரி மாதிரி நெனச்சு இவர்கிட்ட உத்தரவு கேட்டிருக்காங்க. நாளைக்கு என்னைச் சுட்டுருவீங்கல்லன்னு இவர் விளையாட்டா கேக்க, ஐயோ கடவுள் காப்பாத்தட்டும்னு எல்லாரும் ஒரே குரல்ல பதறியிருக்காங்க, போறப்ப சிரிச்சுக்கிட்டே போ சிரிச்சுக்கிட்டே திரும்பி வான்னு அவங்க ஊர் வழக்கப்படி வழியனுப்பியிருக்காங்க. நேரம் முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே சண்டை மறுபடி ஆரம்பிச்சிருச்சு.

இந்த இடத்தைப் படிச்சதுக்கு அப்புறம் இவர் மேல எனக்கு தனி மரியாதை வந்துச்சு, மறைக்க மாட்டேன்.

மையிருட்டு:

ஒரு சின்ன சந்தேகம், அல்பேனியா ராஜா பதவி வந்தது கிரிக்கெட் ஆடுன சி.பி.ஃப்ரைக்குத்தானே? நான் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன், இவர் பேரை இப்பதான் முதல் தடவையா பாக்கறேன்.

கரைமேடு:

மையிருட்டு, ரெண்டும் வேற வேற கதை. ஃப்ரை சொன்னது 1920ல ஜெனீவாவுல, சர்வதேச சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ், ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்தது) இந்தியா சார்பா வந்த ரஞ்சித்சிங்ஜிக்கு உதவியாளா இருந்தப்ப கேட்டாங்கன்னு அவரே சொல்லிக்கிட்டது, அதை அப்படியே நம்பாதவங்க நிறைய பேர். ஹெர்பர்ட் விஷயம் அப்படி இல்ல, அவருக்கு அந்த நாட்டோட இருபது வருஷ உறவு. ஆனா நிலாமுற்றம், பதவி வந்துச்சுன்னா கிரீடத்தை தட்டுல வச்சு நீட்டினாங்கன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டு தடவையுமே அதிகாரபூர்வமா இல்லாத, வாங்க சம்மதமான்னு ஆழம் பாக்கற மாதிரி கேட்டதுதான்.

பின்னணி இதுதான். இஸ்தான்புல்ல இருந்த காலத்துலயே அல்பேனியர்கள் கூட பழக்கம், கியாசிம்னு ஒரு அல்பேனியர் அவருக்கு காவலாளாவே இருந்தார். அதுக்கப்புறம் அந்த மலைநாட்டுக்கு திரும்பத் திரும்பப் போனார், குதிரையில, கால்நடையா, பார்வை இல்லாதவர் அந்த மலைப்பாதையில. 1912 நவம்பர் 28ல வ்லோரா ஊர்ல சுதந்திரம் அறிவிச்சாங்க, ஆனா சுத்தி பால்கன் யுத்தம், செர்பியாவும் கிரேக்கமும் மான்டிநெக்ரோவும் ஆளுக்கொரு துண்டு கேக்கறாங்க. முடிவு எடுக்கற இடம் லண்டன், வல்லரசுகளோட தூதர்கள் மாநாடு அங்கதான். அல்பேனியக் குழு லண்டன் வந்தப்ப அவங்களுக்கு ஊரும் தெரியாது, யாரைப் பாக்கணும்னும் தெரியாது. அங்கதான் இவர் வர்றார். அல்பேனியன் கமிட்டின்னு ஒண்ணை சேத்து உண்டாக்கி, அந்த மலைகளை இவரை விட நல்லா தெரிஞ்ச ஈடித் டரம் அம்மையாரும் அதுல இருந்தாங்க, எம்பிகளைப் பாக்க வைக்கறது, பத்திரிகைக்கு எழுதறது, சபையில கேள்வி கேக்கறதுன்னு ஒரு சின்ன நாட்டுக்கு இல்லாத தூதரகத்தை தன் வீட்டுக்குள்ள வச்சு நடத்தினார்னே சொல்லலாம். 1913 ஜூலையில வல்லரசுகள் அல்பேனியாவை அங்கீகரிச்சாங்க, எல்லை மட்டும் பாதி வயித்துக்குத்தான், கொசோவோல இருந்தவங்க உட்பட லட்சக்கணக்கான அல்பேனியர்கள் வெளிய விடப்பட்டாங்க.

ராஜா யாருங்கற பேச்சு வந்தப்ப இவர் பேர் அடிபட்டது அப்பதான். அவருக்கு ஆசை இருந்துச்சு, அத ஒளிக்கல, கைல அதுக்கேத்த பணம் இருந்தா யோசிக்கலாம்ங்கற மாதிரி பேசியிருக்கார். ஏன் பணம்னா, புது நாட்டு கஜானாவுல ஒண்ணும் இல்ல, ராஜாவே தன் காசுல அரசாங்கம் நடத்தணும். அதோட பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இதுல துளி ஆர்வம் இல்ல, ஆஸ்திரியாவும் இத்தாலியும் மொறச்சுக்கிட்டு இருக்கற இடத்துல ஒரு ஆங்கிலேயன உக்கார வச்சு யாருக்கு என்ன லாபம். கடைசியில ஜெர்மன்காரர், வீட் இளவரசர் வில்ஹெல்ம், 1914 மார்ச்ல போய் இறங்கி செப்டம்பர்ல கெளம்பிட்டார், ஆறு மாசம்தான். அதை வச்சுப் பாத்தா ஹெர்பர்ட் போகாதது நல்லதுதான்னு தோணும்.

ரெண்டாவது தடவை 1920. அந்தத் தடவை இவர் வேற வழி சொன்னார், ராஜா வேண்டாம், முதல்ல சர்வதேச சங்கத்துல இடம் பிடிங்கன்னு. அந்த சங்கத்துல செல்வாக்கா இருந்த லார்ட் ராபர்ட் செசில் மூலமாவும் அதுக்காக அலைஞ்சார். 1920 டிசம்பர் 17ல அல்பேனியாவை உறுப்பினரா சேத்துக்கிட்டாங்க. அந்த நாட்டைப் பங்கு போடற பேச்சு அதுக்கு முன்னாடி வரைக்கும் மேஜை மேல இருந்துச்சு, சங்கத்துல சேந்த பிறகு அப்படி சுலபமா தொட முடியல. நீங்க கேட்ட சாதனை இதுதான்னு நான் சொல்வேன். 1918ல இவர் ஆரம்பிச்ச ஆங்கிலோ அல்பேனியன் சங்கம் இன்னைக்கும் இருக்கு.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. தூரதேசம் சார், அந்த எட்டு நிமிஷ விஷயம் நான் படிச்ச புத்தகத்துல இல்லவே இல்ல, படிச்சதும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். கரைமேடு, வேற வழி சொன்னார்னு எழுதினீங்களே, கிரீடத்துக்கு ஆசைப்பட்ட மனுஷனே கடைசியில அது வேண்டாம்னு சொன்னதுதான் எனக்குப் பெருசா படுது. இன்னொண்ணு, பார்லிமென்ட்ல எப்படி இருந்தார்? கட்சி சொன்னபடி கைதூக்கற ஆளா?

பழையகப்பல்:

கட்சிக்கு இவர் தலைவலிதான். ஆனா அது குடும்பத்துலயே இருந்த குணம். அப்பா காலனி மந்திரியா இருந்து ரெண்டு தடவை கொள்கை பிடிக்கலன்னு ராஜினாமா பண்ணவர், 1867ல ஓட்டுரிமை மசோதாவுக்காக, 1878ல துருக்கி விஷயத்துல பிரதமர் டிஸ்ரேலியோட ஒத்துப்போகாம. அயர்லாந்துல வைஸ்ராயா இருந்தப்ப 1885ல ஐரிஷ் தலைவர் பார்னெல்ல ரகசியமா சந்திச்சு பேசினவரும் அவர்தான். அந்த வீட்டுல வளந்த பையன் கொறடா சொன்னதுக்கு தலையாட்டுவாரா?

1920ல அயர்லாந்துல கிளர்ச்சிய அடக்க பிரிட்டன் இறக்கின பிளாக் அண்ட் டான்ஸ் போலீஸ் படை வீடுகளைக் கொளுத்தினப்ப ஆளுங்கூட்டணி பக்கத்துல உக்காந்துக்கிட்டே எதிர்த்துப் பேசினார், அரசாங்கத்துக்கு எதிரா ஓட்டும் போட்டார். மனைவி மேரி ஐரிஷ் பிரபு குடும்பம்ங்கறதால அந்த நாட்டு நிலைமை அவருக்கு செய்தித்தாள் வழியா வந்தது இல்ல.

அதுக்கு முன்னாடி 1916 மெசபடோமியா, இன்னைக்கு ஈராக். கூத் ஊர்ல ஜெனரல் டவுன்ஷெண்ட் படை முற்றுகையில மாட்டி பட்டினி கெடந்துச்சு, சுமார் 13,000 பேர், அதுல பெரும்பாலானவங்க இந்திய சிப்பாய்கள். அவங்களை விடுவிக்க துருக்கி தளபதி கலீல் பாஷாவுக்கு 10 லட்சம் பவுண்டு குடுக்கறதா பேசி, அப்புறம் 20 லட்சம் வரைக்கும் போனாங்க, துருக்கி யுத்த மந்திரி என்வர் பாஷா மறுத்துட்டார். ஏப்ரல் 29ல சரணடைஞ்ச அன்னைக்கு கலீலைப் பாக்கப் போன மூணு பேர்ல லாரன்ஸும் ஹெர்பர்ட்டும் இருந்தாங்க, காயம் பட்டவங்களையாவது விடுங்கன்னு கேக்க. அந்தப் போர்முனையில மருந்து இல்ல, படகு இல்ல, அடிபட்டவன் நாள்கணக்கா ஆத்துலயே செத்தான். இதைப் பாத்துட்டு இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லைனுக்கு நேராவே தந்தி அடிச்சார், நிர்வாகம் இப்படி நாறுதுன்னு. இவரை கோர்ட் மார்ஷல் பண்ணணும்னு இந்திய அரசாங்கத்துல இருந்து கேட்டாங்க, அது நடக்கல. ஊர் திரும்பி சபையிலயும் விடல. விசாரணைக் கமிஷன் வந்து, 1917ல அறிக்கை வந்து, சேம்பர்லைன் ராஜினாமா பண்ணார். இவர் ஒருத்தரால நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், நிறைய பேர் கத்தினாங்க. ஆனா அங்க நின்னு கண்ணால பாத்துட்டு வந்து கத்தின எம்பி இவர்.

மையிருட்டு:

எல்லாரும் புகழ்ந்துக்கிட்டே போறீங்க, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி பூரா இவரைப் பத்தி தேடிப் படிச்சேன். 1921 பிப்ரவரியில இவர் ஜெர்மனி போய் தலாத் பாஷாவை சந்திச்சிருக்கார். ஆர்மீனியர்களைக் கொன்னு குவிச்சதுக்கு முக்கியமான பொறுப்பாளி அந்த ஆளு. ஓடி ஒளிஞ்சு இருந்தவரைத் தேடிப் போய் பழைய சிநேகிதன் மாதிரி நாள்கணக்கா பேசிக்கிட்டு இருந்திருக்கார். அடுத்த மாசம் மார்ச் 15ல பெர்லின் தெருவுல தலாத்தை டெஹ்லிரியன்ங்கற ஆர்மீனியர் சுட்டுக் கொன்னார், அந்த இளைஞர் குடும்பத்துல நிறைய பேர் அந்தப் படுகொலையில செத்துப் போனவங்க. மே 24 அன்னைக்கு செத்தவங்களுக்காக நாள் பூரா நின்ன அதே மனுஷனுக்கு இது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்குப் புரியல.

கரைமேடு:

கோவம் எதுக்கு மையிருட்டு, இதை யாராவது சொல்லியே ஆகணும். நடந்ததுன்னு பாத்தா, சந்திக்கணும்னு எழுதிக் கேட்டது தலாத், இவர் லண்டன்ல உளவுத் துறைத் தலைவர் பேசில் தாம்சன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார், ஒளிச்சு மறைச்சு இல்ல. துருக்கியோட சமாதானம் வரணும், கிரேக்கர்களை அனட்டோலியாவுக்குள்ள, அதாவது துருக்கியோட ஆசியப் பகுதிக்குள்ள, விட்டது பெரிய தப்புன்னு அவர் அப்ப நெனச்சார், அதுக்கு யாரோட வேணா பேசத் தயாரா இருந்தார்.

ஆனா நீங்க சொன்னதுல எனக்கும் மனசு ஆறல. இவரோட பலமே ஆட்களை நேரா பாத்து அவங்க பாஷையில பேசி பழகறதுதான். தலாத் இருந்த இளம் துருக்கியர்கள் கட்சிக்காரங்களை அவங்க 1908ல நடத்தின புரட்சி காலத்துலேந்தே தெரியும், அவங்க கூட சாப்பிட்டவர், அவங்களோட நம்பிக்கைகளைக் கேட்டவர். அப்படி பழகினவன்கிட்ட நீ என்ன பண்ணேன்னு கடுமையா கேக்கற பலம் வேற. அது இவர்கிட்ட போதல. தலாத் தன் மேல பழி இல்லன்னு சொன்னதை இவர் கேட்டு எழுதி வச்சார், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த இடத்துல எழுந்து வெளிய வந்திருக்கணும். அல்பேனியாவுல நல்லது பண்ண வச்ச அதே குணம்தான் அங்க சறுக்க வச்சுது. ரெண்டையும் சேத்துத்தான் இவரைப் பாக்கணும், ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க எனக்கு மனசு வரல.

மையிருட்டு:

சரி, அந்த அளவுக்கு ஒத்துக்கறேன். எழுந்து வெளிய வந்திருக்கணும், அதுதான் நானும் சொல்ல வந்தது.

நிலாமுற்றம்:

இந்தப் பேச்சு நடந்தது நல்லது, நான் ஒரு பக்கமா மட்டும் படிச்சுட்டுப் போயிருப்பேன். கடைசியா ஒண்ணு, 43 வயசுல எப்படி இறந்தார்? டூட்டங்காமன் சாபம்னு ஒரு இடத்துல போட்டிருக்கு.

தூரதேசம்:

சாபம் எல்லாம் பத்திரிகைக்காரங்க வேலை. அண்ணன் கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரல் 5ல கெய்ரோவுல கொசுக்கடி புண்ணு சீழ் பிடிச்சு ரத்தத்துல விஷம் கலந்து இறந்தார், அந்த வருஷமே செப்டம்பர் 26ல தம்பியும் போயிட்டதால அந்தப் பட்டியல்ல இவரையும் சேத்துட்டாங்க.

நடந்தது இதை விட வேதனையானது. கடைசி வருஷத்துல இருந்த கொஞ்சப் பார்வையும் போயி கிட்டத்தட்ட முழுக் குருடாயிட்டார். பல்லை எல்லாம் எடுத்துட்டா கண்ணு திரும்பும்னு ஒரு யோசனை சொன்னாங்க. இன்னைக்கு கேக்கறப்ப பைத்தியக்காரத்தனமா தோணும், ஆனா அந்தக் காலத்துல பல் வேர்ல மறைஞ்சிருக்கற சீழ்தான் கண்ணு, மூட்டு, எல்லா நோய்க்கும் காரணம்னு படிச்ச டாக்டர்களே நம்பினாங்க, ஊர் ஊரா ஆரோக்கியமான பல்லைப் பிடுங்கினாங்க. இவரும் எடுத்துக்கிட்டார். புண்ணு வழியா ரத்தத்துல விஷம் கலந்துச்சு. பென்சிலின் கண்டுபிடிச்சதே 1928ல, அது மருந்தா கைக்கு வந்தது 1940கள்ல. அப்ப அந்த நெலமைக்குப் போனவங்களைக் காப்பாத்த டாக்டர் கைல ஒண்ணும் இல்ல. அண்ணனும் தம்பியும் ஆறு மாசத்துக்குள்ள ஒரே மாதிரி போனதுக்கு எந்த கல்லறையும் காரணம் இல்ல, அந்த மருந்து இல்லாததுதான் காரணம்.

நாலு குழந்தைங்க, கடைசிப் பையனுக்கு அப்ப ஒரு வயசு சொச்சம். மூணாவது பொண்ணு லாரா பின்னாடி 1937ல எழுத்தாளர் ஈவ்லின் வாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதனால இலக்கியம் படிக்கறவங்க சில பேருக்கு இவர் பேர் அந்த வழியாத்தான் தெரியும்.

பழையகப்பல்:

ஒரு கொசுறு. பிக்ஸ்டன் பக்கத்துல பிரஷ்ஃபோர்டுன்னு ஒரு சின்ன கிராமம், அந்த சர்ச்சுல இவருக்காக லட்யன்ஸ் வடிவமைச்ச ஒரு சேப்பல் இருக்கு, டெல்லியில ராஷ்டிரபதி பவன் கட்டின அதே லட்யன்ஸ். உள்ள இவர் படுத்திருக்கற மாதிரி சிலை. அந்தப் பக்கம் போற வாய்ப்பு யாருக்காவது கெடச்சா பாத்துட்டு வந்து இங்க எழுதுங்க.

நிலாமுற்றம்:

கண்டிப்பா. நான் இன்னைக்கு ராத்திரி மறுபடி அந்த மே 24 பக்கத்துக்குப் போறேன், இந்தத் தடவை கைல கடிகாரத்தோட.